வீடியோதான் இருக்கிறதே, அப்புறம் ஆள் எதற்கு?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் படிக்கும் பாலே பள்ளி ஆண்டு விழாவுக்கு ஜார்ஜ் பாலன்சீன் என்ற நடன அமைப்பாளரின் 'செரினேட்' நடனத்தை எடுக்கிறது. அதற்கு நியூயார்க்கில் இருக்கும் ஒரு டிரஸ்ட்டிடம் அனுமதி வாங்கி, கட்டணம் கட்டி, அவர்கள் ஒப்புக்கொள்ளும் ஆள் வந்துதான் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். 1983-இல் இறந்துபோனவரின் நடனத்துக்கு இன்னும் இத்தனை கெடுபிடியா, இணையத்தில் வீடியோ கிடக்கிறதே, அதைப் பார்த்துப் பழகினால் ஆகாதா, அப்படி என்னத்தைத்தான் அந்த மனிதர் விட்டுப்போனார் என்பது உங்கள் கேள்வி. மேலோட்டமாகப் பார்த்தால் பணம் பற்றிய எரிச்சல். ஆனால் உள்ளே இருப்பது வேறு என்று எனக்குப் படுகிறது. சமைத்தவர் போய்விட்டார், சாப்பாடும் அன்றைக்கே தீர்ந்துவிட்டது, அந்தக் கைப்பக்குவம் மட்டும் இப்போது எங்கே இருக்கிறது என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள்.

பதிலுக்கு முன் என் வரம்பைச் சொல்லிவிட வேண்டும். நான் ஆடுகிறவன் அல்ல. பாலே வகுப்புகளுக்கும் ஒத்திகைகளுக்கும் பியானோ வாசிப்பது இருபது வருஷத்துக்கும் மேலாக என் பிழைப்பு. கூடத்தின் மூலையில், ஷூ வழுக்காமல் இருக்கத் தேய்க்கும் ரோசின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் முகங்களைவிடப் பாதங்கள்தான் நன்றாகத் தெரியும். அதனால் இசை பற்றியும் கால் எப்போது தரையைத் தொடுகிறது என்பது பற்றியும் நான் சொல்வதை நம்பலாம். இடுப்பிலும் முதுகிலும் நடப்பதெல்லாம் ஆடியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. சட்ட விஷயம் பொதுவெளியில் உள்ள அளவுதான். உங்கள் பள்ளி போடும் ஒப்பந்தத்துக்கு அது போதாது.

பாலன்சீன் 1904-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். அப்பா மெலிட்டன் பாலன்சிவாட்ஸே ஜார்ஜியாக்காரர், இசையமைப்பாளர். பையன் ஒன்பது வயதில் ஜார் அரசின் நடனப் பள்ளியில் சேர்ந்தான். புரட்சி வந்து ஊரே குளிரிலும் பசியிலும் கிடந்த காலத்தில் நடனத்தோடு இசைக் கல்லூரியிலும் பியானோ படித்தான். இந்தப் பியானோ விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். 1924-இல் ஒரு சின்னக் குழுவோடு ஐரோப்பாவுக்கு ஆடப் போனவர் திரும்பவில்லை. டியாகிலெவின் புகழ்பெற்ற ரஷ்ய பாலே குழுவில் சேர்ந்தார். நீண்ட பெயரை மேற்கத்திய வாய்க்கு ஏற்றபடி சுருக்கியது அங்கேதான். 1928-இல் ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் இசைக்கு 'அப்பல்லோ'வை அமைத்தபோது அவருக்கு வயது 24. அடுத்த வருஷம் டியாகிலெவ் இறந்தார், குழு சிதறியது. 1933-இல் லிங்கன் கர்ஸ்டைன் என்ற வசதியான அமெரிக்க இளைஞர், நியூயார்க்குக்கு வாருங்கள், ஒரு பாலே குழு தொடங்கலாம் என்று கூப்பிட்டார். முதலில் ஒரு பள்ளி வேண்டும் என்றார் பாலன்சீன். 1934 ஜனவரியில் பள்ளி திறந்தது. குழு நிலைபெற்று 'நியூயார்க் சிட்டி பாலே' என்ற பெயரோடு எழுந்து நிற்க 1948 ஆயிற்று. நடுவில் பிராட்வே, ஹாலிவுட் என்று எல்லா வேலையும் பார்த்தார். 1942-இல் ஒரு சர்க்கஸுக்காக 50 யானைகளையும் 50 பெண்களையும் வைத்து ஒரு போல்கா கூட அமைத்தார். இசை எழுதித் தரச் சொல்லி ஸ்ட்ராவின்ஸ்கிக்குப் போன் போட்டபோது, யானைகளுக்கு என்ன வயது என்று கேட்டாராம். சின்ன வயதுதான் என்றதும் சரி என்று எழுதிக் கொடுத்தாராம். மொத்தம் 400-க்கு மேல் நடனங்கள். இன்று தொடர்ந்து மேடையேறுவது அவற்றில் ஒரு பகுதிதான்.

சரி, உங்கள் மகள் ஆடப்போகும் 'செரினேட்'டுக்கு வருவோம். அமெரிக்க மண்ணில் அவர் முதலில் அமைத்தது இது. இசை ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியுடையது. புதிதாகத் திறந்த பள்ளியின் மாலை வகுப்பில், வகுப்பில் ஆடுவதற்கும் மேடையில் ஆடுவதற்கும் என்ன வித்தியாசம் என்று மாணவிகளுக்குக் காட்டத்தான் ஆரம்பித்தார். முதல் நாள் வந்தது 17 பேர், அதனால் 17 பேருக்கு அமைத்தார். இரண்டு வைர வடிவங்கள் ஒரு முனையில் ஒட்டிக்கொண்டதுபோல் அவர்களை நிறுத்தினார். வேறொரு நாள் ஒன்பது பேர் வந்தார்கள், வேறொரு நாள் ஆறு பேர். வந்தவர்களுக்குத் தகுந்தபடி அந்தந்தப் பகுதி ஆயிற்று. ஒரு பெண் தாமதமாக உள்ளே ஓடிவந்தாள். அதை நடனத்தில் வைத்துக்கொண்டார். ஒருத்தி கால் தவறி விழுந்தாள், அதையும் வைத்துக்கொண்டார். 1934 ஜூனில் நியூயார்க்குக்கு வடக்கே வைட் பிளெயின்ஸில் ஒரு செல்வந்தர் வீட்டுத் தோட்டத்தில் மேடை போட்டு அந்த மாணவிகளே ஆடினார்கள். இதெல்லாம் பாலன்சீனே பின்னாளில் சொன்ன கணக்கு. மனிதர் கதையைக் கொஞ்சம் மெருகேற்றிச் சொல்கிறவர்தான், ஆனால் 17 பேர் மட்டும் இன்றுவரை 17 பேரேதான்.

அந்தத் தொடக்கத்தை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். திரை விலகும்போது 17 பெண்களும் அசையாமல் நிற்கிறார்கள், வலது கை உயர்ந்திருக்கிறது, உள்ளங்கை கண் கூசும் வெளிச்சத்தை மறைப்பதுபோல் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது. கீழே பாருங்கள்: இரண்டு பாதங்களும் சாதாரண மனிதர்கள் நிற்பதுபோல் நேராக இருக்கும். பாலேக்காரர்கள் மேடையில் அப்படி நிற்பதே அபூர்வம். கை மெல்ல மடிந்து நெற்றிக்குப் போய் நெஞ்சுக்கு இறங்குகிறது. அப்புறம் திடீரென்று 17 ஜோடிப் பாதங்களும் ஒரே நேரத்தில் பக்கவாட்டில் திரும்பி முதல் நிலைக்கு வருகின்றன. பாலே வகுப்பில் ஆறு வயதுக் குழந்தை முதல் நாள் கற்றுக்கொள்ளும் அதே நிலை. அவ்வளவுதான் நடக்கிறது. நான் எத்தனையோ முறை அந்த இடத்துக்கு வாசித்திருக்கிறேன், இன்னும் அங்கே வரும்போது கை கொஞ்சம் ஜாக்கிரதையாகிவிடும். இதற்கு ஒரு கதை சொல்லுங்கள் என்றால் கதை கிடையாது. பாலன்சீனிடம் கேட்டவர்களுக்கும், இது இசைக்கேற்ற நடனம், நிலவொளியில் நடக்கிறது என்ற மாதிரிதான் பதில் கிடைத்தது. கடைசியில் ஒரு பெண்ணை நின்ற நிலையிலேயே தூக்கி வெளிச்சத்தை நோக்கிக் கொண்டுபோகிறார்களே, அது சாவு என்று சிலர் சொல்வார்கள், வேறு ஏதோ என்று சிலர் சொல்வார்கள். இதுதான் அர்த்தம் என்று அடித்துச் சொல்கிறவரை நான் நம்புவதில்லை.

கதை இல்லை என்பதில்தான் உங்கள் கேள்விக்கான முதல் பதில் இருக்கிறது. 'அன்ன ஏரி' போன்ற கதை பாலேயில் நாலு அடவு மாறிப்போனாலும் இளவரசன் இளவரசனாகவே இருப்பான், அன்னம் அன்னமாகவே இருக்கும், நடனம் தாங்கும். பாலன்சீனுடைய முக்கியமான நடனங்களில் தாங்குவதற்கு இசையைத் தவிர வேறொன்றும் இல்லை. இவள் அவனுடைய மாமியார் என்பதை பாலேயில் ஆடிக் காட்ட முடியாது என்று அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பரதம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றாது. ஜதிஸ்வரத்தில் யாரும் கதை தேடுவதில்லை. ஆனால் ஜதிஸ்வரத்தில் கால் தாளம் தவறினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும். பாலன்சீன் நடனத்தில் ஓர் அடி தள்ளிப்போனால், அங்கே இருந்த ஒரே பொருளும் போய்விட்டது என்று அர்த்தம்.

அவர் இசையைக் கையாண்ட விதம் தனி. புது நடனம் தொடங்கும்முன் வாத்தியக் குழுவுக்கு எழுதிய முழு இசையையும் தானே உட்கார்ந்து பியானோவுக்குச் சுருக்கி எழுதிக்கொள்வார். இந்த வேலையைச் செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு இசையைப் பத்து விரலுக்குள் அடக்கும்போதுதான் அதில் எது எலும்பு, எது சதை என்று தெரியும். 'கான்செர்டோ பரோக்கோ' 1941-இல் வந்தது. ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் இரட்டை வயலின் கான்செர்டோவுக்கு அமைத்தது. இரண்டு வயலின்களுக்கு இரண்டு நாயகிகள். ஒரு வயலினை ஒருத்தி நகல் எடுப்பதுபோல் ஆடுவாள் என்று நினைத்தால் அதுதான் இல்லை. வயலின்கள் ஒன்றையொன்று துரத்தும்போது கால்கள் சில சமயம் கூடவே போகும், சில சமயம் வயலின் சொல்லாமல் விட்ட இடத்தில் போய் நிற்கும். கண்ணால் பார்க்கும்போது காதுக்கு முன்னே கேட்காத ஒரு வரி கேட்கும். 1957-இல் ஸ்ட்ராவின்ஸ்கியோடு செய்த 'ஆகான்' இன்னும் கடினம். அதில் ஒரு பகுதியில் காஸ்டனெட் என்ற கைத்தாளக் கட்டை விடாமல் ஒரே தாளத்தைத் தட்டிக்கொண்டிருக்கும், மற்ற வாத்தியங்கள் ஏழும் ஐந்துமாக வேறு கணக்கில் போகும். அதை ஆடுகிறவர்கள் உதடு அசையாமல் மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருப்பார்கள். நம் ஊர் மிருதங்கக்காரரை உட்காரவைத்தால் ரசித்துக் கேட்பார்.

இனி வீடியோ. சில வருஷம் முன்பு ஒரு பள்ளியில், பெயர் வேண்டாம், 'செரினேட்' ஒத்திகைக்கு வாசித்துக்கொண்டிருந்தேன். மாணவிகள் ஆர்வக்கோளாறில் சொல்லிக்கொடுப்பவர் வருவதற்கு முன்பே வீடியோ பார்த்து மூன்று அடித் தாளத்தில் போகும் வால்ட்ஸ் பகுதியைப் பழகிவிட்டார்கள். முதல் வேடிக்கை, பாதிப் பேர் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாற்றிப் படித்திருந்தார்கள். அது ஒரு மணி நேரத்தில் சரியாகிவிட்டது. இரண்டாவது பிரச்சினைதான் மூன்று நாள் தின்றது. வீடியோவில் கால்விரல் நுனி ஒன்றாவது அடியில் தரையைத் தொடுகிறது. பிள்ளைகளும் ஒன்றாவது அடியில் தொட்டார்கள். இருந்தும் ஆட்டம் செத்துக் கிடந்தது. வந்த அம்மாளுக்கு அறுபதைத் தாண்டிய வயது, காலில் பழைய துணி ஷூ. என் பக்கம் திரும்பி வாசிப்பதை நிறுத்தச் சொன்னார். பிள்ளைகளிடம், நீங்கள் ஒன்றில் புறப்படுகிறீர்கள், ஒன்றில் வந்து சேர வேண்டும் என்றார். அதாவது உடம்பு முந்தைய மூன்றாவது அடியிலேயே கிளம்பிவிட வேண்டும். கால் தரைக்கு வரும்போது எடை ஏற்கெனவே அதன்மேல் இருக்க வேண்டும். ஒரு பெண்ணின் முதுகில் கையை வைத்து, இசை இல்லாமலேயே, கிளம்ப வேண்டிய கணத்தில் லேசாகத் தள்ளினார். நாலாவது தள்ளலில் அந்தப் பெண்ணுக்குப் பிடிபட்டுவிட்டது. அப்புறம் அவள் பக்கத்தில் நின்றவளுக்கு, அப்புறம் வரிசைக்கு. நான் திரும்ப வாசிக்கத் தொடங்கியபோது அதே வேகம்தான், ஆனால் வால்ட்ஸ் இப்போது மூச்சு விட்டது. கேமராவில் கால் எங்கே வந்து நின்றது என்பது பதிவாகும். எப்போது புறப்பட்டது என்பது பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் தெரியும்.

இது போக வீடியோவுக்கே ஒரு நம்பகமின்மை உண்டு. 1970-களில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக அவருடைய நடனங்களை நாஷ்வில்லில் ஒரு ஸ்டுடியோவில் படம் பிடித்தார்கள். பாலன்சீனே கூட இருந்தார். கேமராவின் சட்டத்துக்குள் அடங்குவதற்காக ஆட்களின் இடத்தையும் சில அசைவுகளையும் அவரே மாற்றினார். ஆக, அவர் ஒப்புதலோடு எடுத்த படத்தைப் பார்த்து அப்படியே மேடையில் வைத்தால் அது மேடைக்கான நடனம் ஆகாது. மேடையில் எடுத்த படம் என்றால், அன்று ராத்திரி யார் ஆடினாரோ, அவருக்கு முட்டி வலி இருந்ததோ, அதெல்லாம் சேர்ந்துதான் பதிவாகியிருக்கும். அசைவுகளைக் குறிகளால் எழுதும் லாபன் குறியீட்டில் எழுதிவைத்த நடனங்களும் சில இருக்கின்றன. பெரிய உதவிதான், ஆனால் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

இதைவிடப் பெரிய சிக்கல், அவர் தன் நடனங்களைக் கல்வெட்டாக நினைத்ததே இல்லை. ஆள் மாறினால் அடவை மாற்றுவார். உயரமான பெண் வந்தால் ஒன்று, துள்ளுகிறவள் வந்தால் வேறொன்று. 'செரினேட்'டிலேயே முதலில் சைக்கோவ்ஸ்கியின் நான்கு பகுதிகளில் மூன்றுதான் இருந்தன. ரஷ்யப் பாடல் மெட்டில் அமைந்த கடைசிப் பகுதியைப் பின்னால் சேர்த்தார், அதையும் மூன்றாவதாக வைத்து எலிஜி என்ற சோகமான பகுதியைக் கடைசிக்குத் தள்ளினார். சைக்கோவ்ஸ்கி துள்ளலாக முடித்ததை இவர் அடங்கிய குரலில் முடித்துவிட்டார். இசைக்கு அத்தனை பயபக்தி காட்டியவர் இசையமைப்பாளரின் வரிசையையே மாற்றினார் என்பது எனக்கு இன்னும் கொஞ்சம் உறுத்தும். ஆனால் எலிஜி முடிந்தபின் அரங்கில் விழும் அமைதியை அனுபவித்த பிறகு வாதாட மனம் வருவதில்லை. 'அப்பல்லோ'வில் செய்தது இன்னும் துணிச்சல். தன்னைப் பெரிய ஆளாக்கிய அந்த நடனத்தின் தொடக்கத்தில் வரும் பிறப்புக் காட்சியையும், முடிவில் கடவுள் படியேறிப் போவதையும் 1979-இல், ஐம்பது வருஷம் கழித்து, வெட்டிவிட்டார். ரசிகர்கள் பலருக்குக் கோபம். இன்று சில குழுக்கள் படியோடு ஆடுகின்றன, சில படியில்லாமல் ஆடுகின்றன. எது அசல்? இரண்டும்தான். 1950-களில் அவரிடம் ஆடியவரும் 1970-களில் ஆடியவரும் ஒரே நடனத்தைச் சொல்லிக்கொடுக்க வந்தால் கை எங்கே போகிறது என்பதில் சண்டை வரும். இரண்டு பேருக்குமே அவர் நேரில் சொன்னது அது.

அவருக்குத் தன் நடனங்கள் தனக்குப் பின்னும் இருக்கும் என்ற எண்ணமே அதிகம் இல்லை என்று கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்கு யார் ஆடுகிறார்களோ அவர்களோடுதான் நடனம் என்பது அவர் போக்கு. அமெரிக்கக் காப்புரிமைச் சட்டம் நடன அமைப்பையும் வெளிப்படையாகச் சேர்த்துக்கொண்டது 1976-இல், அமலுக்கு வந்தது 1978-இல். அந்த 1978-இல்தான் அவரை உயில் எழுதவைத்தார்கள். அந்த உயில் ஒரு வினோதம். நடனங்களை நகை பிரிப்பதுபோல் ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தார்: முன்னாள் மனைவிக்கு, ஆடிய பெண்களுக்கு, உதவியாளர் பார்பரா ஹார்கனுக்கு. கர்ஸ்டைனுக்கு 'கான்செர்டோ பரோக்கோ'வும் 'ஆர்ஃபியஸ்'ஸும்; குழுவில் ஆடிய சூசன் ஃபரலுக்கு அவரை வைத்தே 1965-இல் அமைத்த 'டான் கிகோட்'. ஜார்ஜியாவில் இருந்த இசையமைப்பாளர் தம்பிக்கு இரண்டு தங்கக் கைக்கடிகாரங்கள். நியூயார்க் சிட்டி பாலேவுக்கு நடனம் எதுவும் எழுதி வைக்கவில்லை. தான் வளர்த்த குழுவே தன் நடனங்களை ஆட அனுமதி வாங்க வேண்டிய நிலை. ஆளுக்கொரு திசையாகப் போய்விடக் கூடாது என்று ஹார்கன் முன்னின்று 1987-இல் அமைத்ததுதான் நீங்கள் சொல்லும் அந்த டிரஸ்ட். நீங்கள் கட்டும் பணத்தில் ஒரு பங்கு அந்த உரிமைக்காரர்களுக்கும் வாரிசுகளுக்கும் போகிறது. இதோடு, சொல்லிக்கொடுக்க வருபவரின் சம்பளமும் செலவும் உண்டு.

நீதிமன்றத்திலும் உங்கள் கேள்வி ஒரு தடவை ஏறியிருக்கிறது. அவருடைய 'நட்கிராக்கர்' நடனத்தின் புகைப்படங்களை வைத்து ஒரு புத்தகம் போட முனைந்தார்கள். ஹார்கன் வழக்குப் போட்டார். நடனம் என்பது அசைவின் ஓட்டம், நிற்கிற போட்டோவில் ஓட்டம் இல்லை, அதைப் பார்த்து யாரும் ஆட முடியாது, எனவே திருட்டு இல்லை என்றது கீழ் நீதிமன்றம். 1986-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், திரும்ப ஆட முடியுமா என்பது சரியான அளவுகோல் அல்ல என்று சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. சட்டப்படி மேல் நீதிமன்றம் சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் பியானோ மூலையிலிருந்து பார்க்கிற எனக்குக் கீழ் நீதிமன்றம் சொன்னதில்தான் உண்மை கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது.

நடனங்கள் ஒரு பக்கம், அவர் பள்ளியில் உருவான உடம்பு இன்னொரு பக்கம். அவர் வகுப்பு வழியில் வந்த ஆசிரியர்களுக்கு வாசித்தால் சாயங்காலம் முன்கை வலிக்கும். சுவரோரக் கம்பியைப் பிடித்து நின்று காலை நீட்டி இழுக்கும் தாந்தூவை மற்றவர்கள் நிதானமாகச் செய்வார்கள். இங்கே நினைத்துப் பார்க்க முடியாத வேகத்தில், நூற்றுக்கணக்கில். சுழல்வதற்கு முன் பின்காலை மடக்காமல் நீட்டி வைப்பது, ஒற்றைக் காலில் நின்று மறு காலைப் பின்னால் நீட்டும் அரபெஸ்கில் கோடு நீள்வதற்காக இடுப்பைத் திறந்துவிடுவது, விரல்களை ஒட்டி வைக்காமல் உள்ளங்கையில் சின்னப் பந்து இருப்பதுபோல் ஒவ்வொன்றாகத் தெரியவைப்பது, இதெல்லாம் அவர் அடையாளங்கள். இடுப்பு திறப்பது தப்பு என்று ரஷ்ய வழியில் படித்தவர்கள் இன்றும் முகம் சுளிப்பார்கள். இந்த உடம்போடு வெளியே போனவர்கள்தான் அமெரிக்கா முழுக்கப் பரவினார்கள்: ஆர்தர் மிட்செல் 1969-இல் ஹார்லெமில், எட்வர்ட் விலெல்லா மயாமியில், ஹெல்கி டோமாசன் சான் ஃபிரான்சிஸ்கோவில். 1962-இல் குழுவோடு சோவியத் யூனியனுக்குப் போனபோது, செம்மைப் பாலேயின் தாயகத்துக்கு வருக என்று வரவேற்றவர்களிடம், இல்லை, செம்மைப் பாலேயின் தாயகம் இப்போது அமெரிக்கா என்று பதில் சொன்னாராம். திமிர்தான். ஆனால் 1989-இல் அவர் படித்து வளர்ந்த அதே ஊரின் கிரோவ் குழு அமெரிக்காவிலிருந்து ஆள் வரவழைத்து அவருடைய நடனங்களைக் கற்றுக்கொண்டது.

அவரைச் சாமியாக்கிச் சொல்வது எனக்கு இஷ்டமில்லை. சின்னத் தலை, நீண்ட கால், ஒல்லி உடம்பு என்ற ஒரு வார்ப்பு அவர் காலத்தில்தான் அமெரிக்க பாலேயில் கெட்டிப்பட்டது. அவர் அப்படிக் கட்டளையே போட்டாரா, அவருக்குப் பிடிக்கும் என்று பெண்கள் தாங்களே பட்டினி கிடந்தார்களா என்பதில் ஆடியவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. அவரிடம் வளர்ந்த கெல்சி கிர்க்லண்ட் 1986-இல் தன் வாழ்க்கையை எழுதியபோது கடுமையாகவே எழுதினார். வேறு பலர் கடைசி வரை அவரைக் கொண்டாடினார்கள். மணந்துகொண்ட நாலு பேரும் ஆடும் பெண்கள். சூசன் ஃபரல் 1969-இல் குழுவிலிருந்த இன்னொருவரை மணந்தபோது குழுவில் அவர்களுக்கு இடமில்லாமல் போயிற்று. ஃபரல் திரும்பி வர 1975 ஆயிற்று. ஒரே ஆளின் ரசனையை நம்பி எத்தனை பேர் பிழைப்பு ஓடியது என்பது இதிலிருந்தே தெரியும். இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்றும் உண்டு. 1957-இல், அமெரிக்காவில் பல மாநிலங்களில் கறுப்பரும் வெள்ளையரும் மணந்துகொள்வதே சட்டவிரோதமாக இருந்தபோது, 'ஆகான்' நடனத்தின் மையத்தில் ஆர்தர் மிட்செலையும் டயானா ஆடம்ஸையும் அவ்வளவு நெருக்கமாகப் பிணைத்து நிறுத்தியதும் இதே ஆள்தான். இருந்தும் அதன்பிறகு வெகுகாலம் அந்தக் குழுவில் கறுப்பர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். இன்றைய ஆசிரியர்களில் நல்லவர்கள் வேகத்தையும் இசையையும் எடுத்துக்கொண்டு உடல் வார்ப்பை விட்டுவிடுகிறார்கள். உங்கள் மகளின் பள்ளி எப்படி என்பதை, எடை பற்றி அங்கே என்ன பேசுகிறார்கள் என்று கவனித்தாலே தெரிந்துகொள்ளலாம். கட்டணத்தைவிட அதைத்தான் நான் முதலில் விசாரிப்பேன்.

அப்படியானால் உங்களுக்கு நேரான பதில்: அனுமதி இல்லாமல் வீடியோ பார்த்து மேடையேற்றுவது சட்டப்படி வம்பு, அது இருக்கட்டும். அதைத் தாண்டி, வரும் ஆளால்தான் அந்தப் பணத்துக்கு மதிப்பு. பாலன்சீனிடம் நேரடியாகக் கற்றவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. முதலில் ஆடியவர்களை அழைத்து இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்து, அந்த ஒத்திகையையே படம் பிடித்துவைக்கும் வேலை 1990-களிலிருந்து நியூயார்க்கில் நடந்துவருகிறது. வீடியோதான், ஆனால் ஆட்டத்தை அல்ல, திருத்தத்தைப் பதிவு செய்யும் வீடியோ. இனி வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாம் கை, மூன்றாம் கை. அதனால் கொஞ்சம் தேய்மானம் இருக்கும் என்பது என் ஊகம். ஆனால் நான் சொன்ன அந்த அம்மாளிடம் கற்ற ஒரு பெண் இப்போது வேறு ஊரில் சிறுமிகளின் முதுகில் அதே இடத்தில் கை வைத்துத் தள்ளுவதைப் பார்த்திருக்கிறேன்.

பள்ளியில் பெற்றோரை ஒத்திகை பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். விடுவார்கள் என்றால் உடுப்பெல்லாம் வருவதற்கு முன்னால், சொல்லிக்கொடுப்பவர் வந்த இரண்டாவது மூன்றாவது நாள் போங்கள். கண்ணாடிப் பக்கம் உட்காராமல் பியானோ பக்கம் உட்காருங்கள். முதல் பகுதி முடியும்போது ஆரம்பத்து இசை திரும்ப வரும், எல்லாரும் பழைய இடத்துக்குப் போய்க் கையை உயர்த்தி நிற்பார்கள். அப்போது 1934-இல் தாமதமாக வந்த அந்தப் பெண், இந்தத் தடவை உங்கள் ஊர்ப் பெண் யாரோ ஒருத்தி, வரிசைக்குள் நடந்து வந்து தன் இடத்தைத் தேடுவாள்.